கனம் விழும் இடம்

"எங்க?" என்றுதான் கண்டக்டர் கேட்டார். அதற்கு ஒரே சொல்லில் பதில் இருந்தது. ஏரிக்கோடி. செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற பாட்டையில் ஏரிக்கரை வளைகிற இடம். அங்கே இறங்கி வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தால் காலனி. இளையபெருமாள் வாயைத் திறந்தான். 'ஏ' வந்தது. வந்தது அப்படியே நின்றது. "ஏ... ஏ... ஏ..." கழுத்து நரம்பு புடைத்தது, இமைகள் தாமாக மூடிக்கொண்டு துடித்தன. தொண்டைக்குள்ளே யாரோ கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண் மரியாதைக்காகத் தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். கண்டக்டர் நல்ல மனுஷர். அவன் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், "திண்டிவனமா?" என்று தானே எடுத்துக் கொடுத்தார். இளையபெருமாள் தலையை ஆட்டிவிட்டான். தலையாட்டுவது அவனுக்கு எப்போதுமே சுலபமாக இருந்தது.

ஏரிக்கோடி வந்தபோது எழுந்து நின்றான். "திண்டிவனம் இன்னும் எவ்ளோ தூரம் இருக்குது, உக்காருப்பா" என்றார் கண்டக்டர். உட்கார்ந்தான். ஏரியும் பனைகளும் காலனியின் கூரைகளும் ஜன்னலில் வந்து பின்னால் போயின. அடுத்த ஊரில் ஒரு கிழவர் இறங்கினார். அவர் முதுகை ஒட்டி இவனும் இறங்கி, வந்த வழியே மாசி வெயிலில் திரும்பி நடந்தான்.

நடக்கும்போது வலது கை தொடையில் தட்டிக்கொண்டே வந்தது. டெஸ்-டி-நே-ஷன். நான்கு தட்டு, மூன்றாவது மட்டும் பலமாக. டெஸ்-டி-நே-ஷன். போய்ச் சேர வேண்டிய இடம் என்று அர்த்தம். ஆளில்லாத பாட்டையில் அதை உரக்கவே சொன்னான். ஒரு தடங்கல் இல்லை. எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி வந்தது. 'ஏரிக்கோடி' வராத வாயில் இது மட்டும் எப்படி வருகிறது என்று யாரிடமாவது கேட்க வேண்டும் என்று அவனுக்கு வெகுநாளாக ஆசை. ஆனால் கேட்பதென்றால் தமிழில் அல்லவா கேட்க வேண்டும்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து அவன் திக்குவாய்தான். நாக்கில் வசம்பு தேய்த்தார்கள், மேல்மலையனூருக்கு நேர்ந்துகொண்டார்கள், வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொன்னார்கள். கல்லோடு திக்கினான். எட்டாவது படிக்கும்போதுதான் அது நடந்தது. இராமச்சந்திரன் என்று ஓர் இங்கிலீஷ் வாத்தியார் மாற்றலாகி வந்தார். நீளமான வார்த்தைகளைப் பார்த்துப் பையன்கள் மிரளுவதைக் கண்டு, கரும்பலகையில் ஒவ்வொரு வார்த்தையையும் கரும்புத்துண்டு போலக் கோடு கிழித்து வெட்டினார். எந்தத் துண்டில் அழுத்தம் விழுகிறதோ அதன் தலையில் ஒரு சின்னக் கோடு. வகுப்பே டெஸ்க்கில் தட்டிக்கொண்டு கத்த வேண்டும். இன்-ஃபர்-மே-ஷன். தன் முறை வந்தபோது இளையபெருமாள் எழுந்து நின்று, சிரிப்பதற்குத் தயாராகிவிட்ட முகங்களைப் பார்த்தான், டெஸ்க்கைத் தட்டினான், சொன்னான். முழுசாக வந்துவிட்டது. அடுத்த வாரமும் வந்தது. எக்-ஸா-மி-நே-ஷன். ரெ-ஸ்பான்-ஸி-பி-லி-ட்டி. கால் வைக்கப் போகிற கல் எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆற்றைக் கடந்துவிடலாம். அழுத்தம் விழுகிற துண்டுதான் அந்தக் கல். மனசு அங்கே தாவிவிடும், மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும். தமிழில் அப்படி ஒரு கல் அவனுக்குக் கிடைக்கவில்லை. எல்லா எழுத்தும் ஒரே மட்டத்தில் வழுக்கிக்கொண்டு நின்றன.

தமிழையும் தட்டிப் பார்க்காமல் இல்லை. "நா-னும் வ-ரேன்" என்று ஒருநாள் விளையாட்டுத் திடலில் சொன்னான். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உறுமி அடித்துக்கொண்டு வருகிற பூம்பூம் மாட்டுக்காரன் வீட்டுக்கு வீடு மாட்டோடு பேசுவானே, அந்தப் பேச்சு மாதிரி இருக்கிறதாம். பெருமாள் மாடு என்று அன்றைக்கு வைத்த பேர் பள்ளிக்கூடம் முடிகிறவரை போகவில்லை. இங்கிலீஷில் அந்தச் சங்கடம் இல்லை. அது எப்படிக் கேட்க வேண்டும் என்று சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. வெட்டி வெட்டிச் சொன்னால், அதுதான் போலிருக்கிறது என்று வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறினான். இரண்டு வேலைக்கு மனு போட்டான், இரண்டு இடத்திலும் நேரில் கூப்பிட்டுப் பேரைக் கேட்டார்கள். பேரிலேயே நின்றுவிட்டான். இப்போது செஞ்சிக் கடைத்தெருவில் சொக்கலிங்கத்தின் பழைய பேப்பர் கடையில் மூட்டை பிரித்து, எடை போட்டு, கட்டுக் கட்டுவது வேலை. சொக்கலிங்கம் வாய் ஓயாத மனிதர். தன் பங்குக்கும் இவன் பங்குக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவதால் இருவருக்கும் ஒத்துப்போயிற்று. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்த மூட்டையில் ஒருநாள் அட்டை போன ஒரு தடித்த அகராதி கிடைத்தது. ஒவ்வொரு வார்த்தையும் அதில் துண்டு துண்டாக, அழுத்தக் குறியோடு இருந்தது. "அட்டையில்லாத புக்கு, எவன் வாங்குவான்? எடுத்துக்கினு போடா" என்றார் சொக்கலிங்கம்.

அன்றிலிருந்து அவனுக்கு உட்கார்ந்தால் இருப்பு கொள்ளவில்லை. கடையில் நின்றாலும் வழியில் நடந்தாலும் விரல்கள் எதையாவது தட்டிக்கொண்டே இருந்தன. வார்த்தைகளுக்கு வால் முளைத்தால் அழுத்தத்தின் கனம் இடம் மாறுகிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்தான். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் துண்டில் கனம். அதை எடுக்கிற ஆளைச் சொன்னால் கனம் இரண்டாவதற்குத் தாவுகிறது. 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய துண்டில்தான் அடி விழும், எத்தனை நீள வார்த்தையானாலும் இது தப்பாது. 'யு' எழுத்துப் பக்கங்களில் ஒருநாள் தன் சாதியைப் பற்றிய வார்த்தை ஒன்று தட்டுப்பட்டது. அன்-டச்-ஏ-பிள். தொடு என்கிற துண்டில் கனம். அதன் வாலை நீட்டினான். அன்-டச்-ஏ-பி-லி-ட்டி. தொடுகிற துண்டை விட்டுக் கனம் நகர்ந்து, எந்த அர்த்தமும் இல்லாத 'பி'யில் போய் விழுந்துவிட்டது. அன்று முழுக்க அதையே தட்டிக்கொண்டிருந்தான். சட்டத்தில் எழுதியிருக்கிற வார்த்தை அதுதான். தொடுகிற இடம் அதில் லேசாகிவிட்டது ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை.

காலனிக்கு வந்து சேர்ந்தபோது அவன் அப்பா பெரியதம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தார். சீக்கிரம் வரச் சொல்லி மத்தியானமே ஆள் அனுப்பியிருந்தவர் அவர்தான்.

"இன்னாடா அந்தப் பக்கத்துலேர்ந்து வர்ற? பஸ்ஸுல வரலியா?"

இளையபெருமாள் கையை விரித்தான். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

"நாளைக்கு சப்-கலெக்டரு வர்றாராம். மனை குடுக்கறதுக்கு எடம் பாக்க. வடநாட்டு ஆளாம், தமிழு தெரியாதாம். எல்லாம் இங்கிலீசுதானாம். நான்தான் பேசப்போறேன். ஆனா நீ பக்கத்துல நில்லு."

"நா... நா... நா..."

"பேச வேணாம். நில்லு, போதும்."

விஷயம் காலனி முழுக்கத் தெரிந்ததுதான். சர்க்காரில் காலனிக்காரர்களுக்கு வீட்டுமனை கொடுக்கிறார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆதிமூலம் அதற்குக் குறித்திருப்பது ஏரியை ஒட்டிய பள்ளம். ஐப்பசி கார்த்திகையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும், தவளைதான் குடியிருக்கலாம். இவர்கள் கேட்பது பாட்டையை ஒட்டிய மேடு. அதுவும் சர்க்கார் புறம்போக்குதான். ஆனால் ஊரில் பெரிய கை ஒருவர் அதில் வெகுகாலமாகக் கம்பும் கேழ்வரகும் விதைத்து அனுபவித்து வருகிறார்.

அன்று சாயங்காலம் அவன் குடிசைக்குள்ளும் வெளியிலுமாக நடந்துகொண்டே இருந்தான். வசந்தா சுவரோரமாக உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பனமலையிலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் ஆகவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். பேசாத புருஷன் திட்டவும் மாட்டான் என்று அவள் அம்மா சமாதானம் சொன்னாளாம். ஆனால் வசந்தாவுக்கு ஒரு குறை இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. இந்தப் பக்கத்தில் எந்தப் புருஷனும் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லைதான். ஆனால் கூப்பிடாமல் இருப்பது வேறு, கூப்பிட முடியாமல் இருப்பது வேறு என்பாள்.

"இன்னாய்யா இப்படிக் கெடந்து அலையற? உக்காந்து ஒண்ணு சொல்லு, கேக்கலாம்."

அவர்களுக்குள் அது ஒரு விளையாட்டு. அவன் ஒரு நீள வார்த்தையைச் சொல்வான். அவளுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது, ஆனால் எங்கே கனம் விழுகிறது என்று சொல்லிவிடுவாள். காது அப்படி.

"இன்-அன்-டே-ஷன்" என்றான்.

முறத்தை ஒரு குலுக்குக் குலுக்கினாள். "மூணாவதுல அடிக்கற. இன்னா அது?"

"வெ... வெ..." என்று தொடங்கி, நிறுத்தி, கையை இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினான். வெள்ளம்.

"அதச் சொல்லு நாளைக்கு அந்தத் தொரைகிட்ட" என்றாள் அவள், சிரிக்காமல்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. சப்-கலெக்டர் இளைஞர், இளையபெருமாளைவிட இரண்டொரு வயது கூட இருக்கலாம். "வணக்கம், வணக்கம்" என்று எல்லாப் பக்கமும் கையெடுத்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் அதோடு தீர்ந்தது என்று தெரிந்தது. பக்கத்தில் ஆதிமூலம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் தண்ணீர் வற்றிய பள்ளம் காய்ந்து, வெடித்து, பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. தூரத்தில் ராஜகிரி மலை வெயிலில் மங்கிக் கிடந்தது. காலனி ஜனங்கள் கரையின் சரிவில் நின்றார்கள். பெரியதம்பி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார். அந்தத் துண்டு இடுப்புக்குப் போனதை இளையபெருமாள் பார்த்தான், அவன் விரல்கள் தொடையில் வேகமாகத் தட்டத் தொடங்கின.

"அய்யா, இந்த எடத்துல மழை பேஞ்சா தண்ணி இடுப்பளவு நிக்கும். குடுசையெல்லாம் அடிச்சுக்கினு போயிடும். புள்ள குட்டிய வெச்சிக்கினு நாங்க எங்க போவோம்? அதோ அந்த மேட்டக் குடுத்தா உங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார் பெரியதம்பி.

சப்-கலெக்டர் ஆதிமூலத்தைப் பார்த்தார். ஆதிமூலம் குடையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார். சொன்னது நான்கைந்து வார்த்தைதான். அதில் 'வாட்டர் ஃபெஸிலிட்டி' இருந்தது. 'வெரி ஹேப்பி' இருந்தது. தண்ணீர் வசதி இருக்கிறதாம், ஜனங்களுக்குப் பரம சந்தோஷமாம்.

சப்-கலெக்டர் புன்னகையோடு பெரியதம்பியைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் புன்னகையைப் பார்த்துப் பெரியதம்பியும், கோரிக்கை காதில் விழுந்துவிட்டது என்று நம்பி, கண் கலங்கக் கையெடுத்துக் கும்பிட்டார். இளையபெருமாளுக்கு அப்பாவின் கும்பிட்ட கைகளைப் பார்க்க முடியவில்லை. காலால் தரையை ஓங்கித் தட்டினான்.

"நோ சார். நாட் ஃப-ஸி-லி-ட்டி. இன்-அன்-டே-ஷன்."

எல்லோரும் திரும்பினார்கள். சப்-கலெக்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனைத் தேடினார். இளையபெருமாள் முன்னால் வந்தான். தொடையில் தட்டித் தட்டி, ஒவ்வொரு துண்டையும் எடுத்து வைத்தான். இந்த இடம் பள்ளம். மழைக்காலத்தில் வெள்ளம். குழந்தைகள் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்த மேடு வேண்டும். அது கவர்ன்மெண்ட் நிலம். ஆ-க்யு-பே-ஷன், அனுபோகம், வேறு ஒருவருடையது. இவ்வளவையும் சொல்ல வெகுநேரம் ஆயிற்று, ஆனால் ஓரிடத்திலும் நிற்கவில்லை. காலனியில் யாரும் அவன் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டதில்லை. பவுனம்மாள் என்கிற கிழவி, எதிலும் வாயை விடுகிறவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆதிமூலம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சப்-கலெக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்தப் பொட்டல் வெளியில் தன்னோடு பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். அவன் பக்கமாகத் திரும்பி நின்று, கையை ஆட்டிக்கொண்டு, மளமளவென்று பேச ஆரம்பித்தார்.

அப்போதுதான் இளையபெருமாளுக்கு ஒன்று புரிந்தது. அவன் படித்த இங்கிலீஷ் காகிதத்தில் இருப்பது. அதில் ஒவ்வொரு துண்டும் முழுசாக இருக்கும். இந்த மனிதரின் வாயில் கனமுள்ள துண்டு மட்டும்தான் வெளியே வந்தது, மற்றதெல்லாம் உள்ளேயே மெல்லப்பட்டு, விழுங்கப்பட்டுப் போயிற்று. அடைமழையில் தெரு விளக்குப் போல அங்கொன்றும் இங்கொன்றும்தான் தெரிந்தது. '...ஸிட...ரே-ஷன்...' கன்ஸிடரேஷன், பரிசீலனை, அது பிடிபட்டது. '...டேர்...டிவ்...' ஆல்டர்நேடிவ், வேறு வழி. அதற்குப் பிறகு ஒரு நீண்ட வாக்கியம் ஓடி வந்து, அதன் கடைசியில், '...கே-ஷன்?' என்று குரல் மேலே போய் நின்றது. கேள்வி. அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன கேஷன்? எஜுகேஷனா? லொகேஷனா? வெகேஷனா? திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். அதற்கு வார்த்தை தெரியாமல் இல்லை. ஆனால் இத்தனை ஜனங்களும் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறார்கள், அப்பா பார்க்கிறார், கரைமேல் வசந்தா நிற்கிறாள். வாழ்க்கையில் முதல் தடவையாக எவனும் அவன் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்படாத நேரம் அது. அதை உடைக்க மனம் வரவில்லை.

"எஸ் சார்" என்று தலையை ஆட்டினான்.

"குட்!" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு சப்-கலெக்டர் ஜீப்பில் ஏறினார். பின்னால் ஏறப்போன ஆதிமூலம் ஒரு கணம் நின்று அவனைப் பார்த்தார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

தூசி அடங்குவதற்குள் ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா சொன்னாரு? மேடு குடுக்கறேன்னாரா?" "ஸ்கூலுன்னு ஏதோ காதுல உழுந்திச்சே?" பவுனம்மாள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சமேடா, உன்ன!" அவன் வாயைத் திறந்தான். "அ... அ... அ..." கதவு சாத்திக்கொண்டது. "அவரு குடுக்கறேன்னுட்டாராம்" என்று பின்னாலிருந்து யாரோ அவனுக்காக முடித்துவைத்தார்கள். சந்தோஷக் கூச்சல் எழுந்தது. அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். அந்தக் கூட்டத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை.

வீட்டுக்குப் போய் அகராதியைப் பிரித்தான். அகராதி வார்த்தையின் தலையிலிருந்து தேடுகிறவனுக்குத்தான் வழிகாட்டும். அவன் கையில் இருந்தது வெறும் வால். அப்ளிகேஷன், காம்ப்ளிகேஷன், டெடிகேஷன் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் புரட்டி, வெளிச்சம் போகிறவரை பார்த்தான். வால் பொருந்திய வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. எதுவாகவும் இருக்கலாம். வசந்தா வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அவரு கேட்டது உனக்குப் புரியல. அதான?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ சரின்னு சொல்லும்போது உன் கை தட்டல. பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றாள்.

விடிந்ததும் செஞ்சிக்கு நடந்தான். ஆதிமூலம் குடியிருக்கும் தெருவில், அவர் வீட்டு வாசலுக்கு எதிரே நின்றான். பல்குச்சியோடு வெளியே வந்தவர் அவனைக் கண்டதும் துப்பினார்.

"வாங்க தொர! நேத்து வெளுத்து வாங்கினியே. இப்ப இன்னா?"

"அ-வர் இன்-னா கேட்-டார்?" தொடையில் தட்டித்தான் கேட்டான். தமிழில். தெருவில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். காது மடல் சுட்டது. ஆனாலும் கேட்டு முடித்துவிட்டான்.

ஆதிமூலம் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது. "நெசமாவே தெரியாமத்தான் எஸ் சார் போட்டியா? அடப்பாவி. மேட்டுல தகராறு இருக்குது, சீக்கிரம் முடியற காரியம் இல்ல, வேற எடம் பாத்துத் தர்றேன், உங்க ஜனம் மொத்தமா அங்க எழும்பிப் போயிடுமான்னு கேட்டாரு. ரீலொகேஷன். நீ தலைய ஆட்டிட்ட. ஜீப்புல ஏறினதும் எழுதிக்கினாரு."

"எந்-த எ-டம்?"

"அத என்கிட்ட சொல்லல. நேத்துலேர்ந்து என்கிட்ட எதுவும் சொல்றதில்ல, உன் புண்ணியத்துல. தொண்டூர்ப் பக்கம் பாறைக்காடு ஒண்ணு கெடக்குது, அதுவா இருக்கலாம். இல்ல, மேட்டுக்குப் பின்னாடியே ஏதாவது காட்டினாலும் காட்டுவாரு. சர்வேயர் நாளைக்கே வர்றான், போய்ப் பாரு." உள்ளே போகத் திரும்பியவர் நின்று சொன்னார். "பள்ளம்னாலும் நீங்க பொழைக்கற எடத்துக்குப் பக்கத்துல இருந்துதுடா."

திரும்பி வருகிற வழியெல்லாம் அவன் கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ரீ-லோ-கே-ஷன். மறுபடி, இடம், ஆக்குதல். அந்த மூன்று அர்த்தத்தையும் அவன் தனித்தனியாக அறிவான். அகராதியில் எத்தனையோ வார்த்தைகளில் அவை வந்திருக்கின்றன. சேர்ந்து வந்தபோது காதில் விழவில்லை. காலனி ஜனங்கள் கூலி வேலை செய்கிற வயல்கள் எல்லாம் ஏரிக்குக் கீழே இருந்தன. தொண்டூர்ப் பக்கம் போனால் யார் வேலை கொடுப்பார்கள்? இவ்வளவையும் காலனியில் போய்ச் சொல்ல வேண்டும். எழுதிக் காட்டலாம் என்றால் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே ஓரிருவர்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் வந்த பிறகு, மாரியம்மன் கோயில் முன்னால் போய் நின்றான். நேற்றிலிருந்து அவனுக்கு ஒரு மரியாதை வந்திருந்ததால் ஜனங்கள் தாமாகவே கூடினார்கள். பெரியதம்பி வேட்டியைத் தழைத்துவிட்டு, மகன் பேசப்போகிறான் என்கிற பெருமையோடு முன்னால் உட்கார்ந்தார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

தொடையைத் தட்டினான். "நேத்-து அ-வர் கேட்-டது எ-னக்-குப் பு-ரி-ய-ல."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "தோ, பெருமாள் மாடு வந்துட்டுது" என்று ஒரு குரல் சொன்னது. கூடப் படித்தவன் ஒருவன். பெரியதம்பி திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"மேட்-டுக்-குப் ப-தி-லா..."

"மேட்டுக்குப் பதிலா பள்ளத்தையேதான் தர்றானா?" என்று பவுனம்மாள் முந்திக்கொண்டாள்.

"முடிக்-கா-த ஆத்-தா." கையை நீட்டித் தடுத்தான். பிறந்ததிலிருந்து அவன் வாக்கியங்களையெல்லாம் மற்றவர்கள்தான் முடித்துவைத்திருக்கிறார்கள். இதை யாரும் முடிக்கக் கூடாது. "நா-னே சொல்-றேன். நேர-மா-னா-லும் சொல்-றேன். இருங்-க."

இருந்தார்கள். ஒரு கைக்குழந்தை அழுதது, தாய் அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். வேற எடம். எல்லாரும் எழும்பிப் போவணும். எந்த எடம்னு தெரியல. போறீங்களான்னு கேட்டாரு. நான் எஸ்னு சொல்லிட்டேன். கனம் விழும் துண்டு எது என்று அதில் தேட முடியவில்லை. எல்லாத் துண்டும் கனமாகவே இருந்தன.

பெரியதம்பி தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். "புரியலன்னு அப்பவே சொல்லியிருந்தா இன்னாடா?"

"வெக்-க-மா இருந்-துச்-சு நை-னா" என்றான்.

பவுனம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு பேர் அவனை ஏசினார்கள். ஒருவன் காறித் துப்பினான். பெரியதம்பி எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "நாளைக்கு சர்வேயர் எங்க அளக்கறான்னு பாத்துட்டு, ரெண்டு பேரும் சப்-கலெக்டருகிட்ட போவோம். நான் தமிழுல சொல்றேன். நீ அதயே இங்கிலீசுல சொல்லு. புரியலன்னா புரியலன்னு சொல்லு. வெக்கப்பட்டுக்கினு நிக்காத" என்றார்.

காலையில் யாரும் வேலைக்குப் போகவில்லை. வெயில் ஏறத் தொடங்கும்போது பாட்டையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. சர்வேயரும், சங்கிலி பிடிக்கிற இரண்டு ஆட்களும், சிவப்பும் வெள்ளையும் பூசிய கொடிக்கம்பத்தோடு ஒருவனும் இறங்கினார்கள். காலனியே ஏரிக்கரைமேல் ஏறி நின்று பார்த்தது. கொடிக்காரன் முதலில் பள்ளத்தில் வந்து கம்பத்தை ஊன்றினான். ஒரு முனகல் கூட்டத்தில் எழுந்தது. பிறகு சர்வேயர் ஏதோ கையசைத்தார், அவன் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தான். சங்கிலி அறுவடை முடிந்த தாளடிகளின்மேல் சரசரவென்று இழுபட்டுக்கொண்டு பின்னால் போயிற்று. "மேடுதான்! மேட்டுக்குத்தான் போறான்!" என்று வசந்தா கத்தினாள்.

இளையபெருமாள் கரையிலிருந்து இறங்கிவிட்டான். பெரியதம்பி பின்னாலேயே வந்தார். முதலில் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். கொடிக்காரன் மேட்டின் உச்சியில் ஏறினான், நிற்கவில்லை. அவன் கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது, தலைப்பாகை மறைந்தது. மேட்டு விளிம்புக்கு மேலே கொடிக்கம்பத்தின் நுனி மட்டும் வெயிலில் தெரிந்தது. அது நிற்கிறதா, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியவில்லை.